மாதம் நான்கு பெட்டி

மார்ச்சு 3, செவ்வாய்

பெரியோர்களே, தாய்மார்களே, உடன்பிறந்தோரே. கேட்க ஒருவருமில்லாத இந்தத் தாளிலும் என் கை இப்படித்தான் தொடங்குகிறது. மேடை வளர்த்த பழக்கம். இருக்கட்டும். குறையைச் சொல்கிறேன்.

அந்த இணையக் கடை தலைநகரத்தாரிடம் வாங்கும் அதே உறுப்பினர் கட்டணத்தை நம்மிடமும் வாங்குகிறது. இன்று காலை கைபேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ‘தொலைப்பகுதி உறுப்பினர்களுக்கு மாதம் நான்கு பெட்டிகள் மட்டுமே வீட்டில் சேர்க்கப்படும். ஐந்தாவது பெட்டி முதல் தனிக் கட்டணம்.’ நகரத்தாருக்கு இந்த வரம்பு இல்லை.

தொலைப்பகுதி. எதிலிருந்து தொலைவு? நான் என் வீட்டுக்கு மிக அருகில்தான் இருக்கிறேன்.

என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். ஒலிபெருக்கியின் வயிற்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், “அப்ப பை ஒரு பெட்டி, வளையம் ஒரு பெட்டி, களிம்பு ஒரு பெட்டி, துடைக்கிற துணி ஒரு பெட்டி. எனக்கே சரியாப் போச்சு. நீ இந்த மாசம் பேனா மை வாங்க முடியாது” என்றார்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. சென்ற ஆண்டு குடல் அறுவைக்குப் பிறகு இவருடைய வயிற்றில் ஒரு திறப்பு வைத்தார்கள். கழிவு வந்து சேர அதன்மேல் ஒரு பை ஒட்டிக்கொள்ள வேண்டும். இவருடைய தோல் ஏற்கிற பை இந்த ஊரில் கிடைக்காது. கிடைத்தாலும் இவர் வாங்கமாட்டார். மருந்துக்கடை வாசலில் எந்நேரமும் நான்கு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அங்கே கேட்பது எதுவும் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பையைப் பற்றி எங்கள் இருவரைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பது இவர் கட்டளை.

மார்ச்சு 5, வியாழன்

தெருவே கொதிக்கிறது. எதிர்வீட்டு அழகுநிலையக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அக்கா, நீங்க வாயத் தொறக்கலன்னா வேற யாரு தொறப்பா? எங்களுக்கெல்லாம் வாய் சாப்பிட மட்டும்தான்” என்றாள்.

ஞாயிறு மாலை சந்தைத் திடலில் கூட்டம். நிறுவனத்துக்கு ஒரு முறையீடு, அதில் ஊரார் கையொப்பம். உரை எழுதி முடித்தேன். அடக்கமாகவே எழுதியிருக்கிறேன்.

மார்ச்சு 8, ஞாயிறு

அடக்கமாகப் பேசவில்லை.

திடல் நிரம்பியிருந்தது. ஒலிபெருக்கிகளை இயக்கும் ஒலிமேசையில் வழக்கம்போல் இவர். “கட்டணத்தில் நாம் நகரம், கவனிப்பில் நாம் காடா?” என்றேன்; கைதட்டல் அலையாய் எழுந்தது. அந்த அலையின்மேல் நிற்கும்போது அடுத்த வரி தானாக நாவுக்கு வரும். இன்று வந்த வரி என் உரையில் இல்லாதது. “எடுங்கள் கைபேசியை. இப்போதே, இந்த இடத்திலேயே உறுப்பினர் உரிமையைத் துறப்போம். முதலில் நான்.”

துறந்தேன். திரையை உயர்த்திக் காட்டினேன். திடல் முழுக்கச் சிறுசிறு வெளிச்சங்கள் உயர்ந்தன. என் வாழ்நாளில் இப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை.

இவர் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “சொல்லிட்ட. சொன்னா செய்யணும். நீ செய்யாம அவங்கள மட்டும் செய்யச் சொல்லியிருந்தா நானே மைக்க அணைச்சிருப்பேன்” என்றார். ஏற்கெனவே கேட்டிருந்த பெட்டி வழியில் இருக்கிறது. அது வந்தால் போதும். நிறுவனம் அதற்குள் இறங்கிவந்துவிடும்.

மார்ச்சு 9, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. வழியெங்கும் வாழ்த்து. பேசமுடியாமல் தலையை மட்டும் ஆட்டி ஆட்டிக் கழுத்தும் வலிக்கிறது.

மார்ச்சு 12, வியாழன்

பொதிவண்டி இன்று வரவில்லை. நேற்றும் வரவில்லை. வண்டி ஓட்டுபவரை ஊரில் ‘ஹாரன்’ என்றுதான் அழைப்போம். தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வருவார். தொலைபேசியில் பிடித்தேன்.

“அம்மா, உங்க ஊர் ரூட்டே இல்லம்மா இப்ப. உறுப்பினர் எண்ணிக்கை குறைஞ்சா கம்ப்யூட்டர் தானா ரூட்ட மடக்கிடும். என்னை வடக்குப் பக்கம் போட்டுட்டாங்க.”

“வழியில் இருந்த பெட்டிகள்?”

“திரும்பிப் போயிருக்கும். நீங்க நல்லாத்தான் பேசினீங்க. வீடியோ நானும் பாத்தேன். என் பொழப்புதான் கொஞ்சம்...”

வரம்பை எதிர்த்தேன். வரம்போடு வண்டியையும் போக்கிவிட்டேன். நான்கு பெட்டிக்குச் சண்டையிட்டு இப்போது ஒன்றும் இல்லை. பெருமை வாய்ந்த என் நாவே, இதற்கு என்ன சொல்கிறாய்?

மார்ச்சு 14, சனி

மீண்டும் உறுப்பினராகச் சேர முயன்றேன். சேர்த்துக்கொண்டது. பையைக் கேட்டால், ‘உங்கள் பகுதிக்குத் தற்போது சேவை இல்லை’ என்கிறது.

மதியம் இவர் ஒரு பிடி சோறு மட்டும் சாப்பிட்டார். பசி இல்லையாம். நேற்றும் இல்லை என்றார். அதற்கு முந்தைய நாளும். பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பாட்டைக் குறைத்தால் பையை அடிக்கடி மாற்ற வேண்டாம். இந்த மனுசன் பட்டினி கிடக்கிறார். என் பேச்சுக்காக பட்டினி கிடக்கிறார். கேட்டா சிரிக்கிறார். என்னத்தச் சொல்ல. எதுக்கு இந்த வாய் எனக்கு.

மார்ச்சு 16, திங்கள்

பேருந்தில் நகரம் சென்றேன். மருத்துவமனையில் வேறு வகைப் பைகள் சில கொடுத்தார்கள்; இருக்கிறது இதுதான் என்றார்கள். அங்கிருந்து நிறுவனத்தின் கிடங்கு. மதிலும் சரக்குந்துகளும்தான், வாடிக்கையாளர் நிற்க ஒரு முகப்புகூட இல்லை. காவலர் உள்ளே பேசியபின் வட்டார மேலாளர் வெளியே வந்தார். என் மகன் வயதிருக்கும்.

“நீங்கதானேம்மா அந்தக் கூட்டத்துல பேசினது? எங்க ஆபீஸ்ல எல்லாருமே பாத்தோம். தலைமை அலுவலகம் வரைக்கும் போயிடுச்சு.”

“போய்?”

“அந்த ஊர்ல உறுப்பினர் இல்லன்னு குறிச்சுக்கிட்டாங்க.”

கேலி செய்யவில்லை அவர். அதுதான் எரிச்சல். வெள்ளிக்குள் போதிய பேர் திரும்பச் சேர்ந்தால் சனிக்கிழமை ஆய்வில் வழித்தடம் திரும்பலாம் என்றார். வரம்பை எடுப்பீர்களா என்றேன். “அது என் கையில இல்லம்மா” என்றார். யார் கையில் என்றேன். அவருக்கே தெரியவில்லை.

மார்ச்சு 17, செவ்வாய்

மருத்துவமனைப் பை ஒத்துக்கொள்ளவில்லை. எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு வானொலிச் செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச்சு 18, புதன்

வீடு வீடாக ஏறுகிறேன். துறக்கச் சொன்ன வாயால் சேரச் சொல்கிறேன்.

“ஏம்மா, போன வாரம் உறுப்பினரா இருக்கறது துரோகம்னீங்க, இந்த வாரம் சேர்றது தொண்டுங்கிறீங்க. அடுத்த வாரம் என்னன்னு இப்பவே சொல்லிடுங்க, ஒரேயடியா செஞ்சிடுறோம்” என்றார் சைக்கிள் கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நின்று கேட்டுக்கொண்டேன். எதிர்க்குரல் எழுந்தால் மூன்றே சொல்லில் மடக்குபவள் என்று பெயர் வாங்கியவள் நான்.

உண்மைக் காரணத்தைச் சொன்னால் அத்தனை பேரும் இன்றே சேர்ந்துவிடுவார்கள். காலையில் இவரிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கக்கூடாது. “உன் கூட்டத்துக்கு என் வயிறு தலைப்பா?” என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் இவர் என்னிடம் சினந்ததே இல்லை.

மார்ச்சு 19, வியாழன்

அழகுநிலையத்துக்குக் கடைசியாகப் போனேன். அவள்மீதுதான் எனக்கு அச்சம். ஆளில்லாத நேரம். நான் தொடங்குமுன்பே அவள் கதவைச் சாத்தினாள்.

“நான் முந்தாநாளே திரும்பச் சேந்துட்டேன் அக்கா. வெளிய சொல்லல.”

“ஏன்?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கைவைத்து, முடியை அப்படியே கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். உச்சியில் சிறுசிறு திட்டுகளாய் மட்டும் முடி. “ஊருக்கே சிகை அலங்காரம் பண்றவளுக்கு இதுன்னா எவ வருவா? இத ஒட்டுற பசை, நாடா, எல்லாம் அந்த வண்டியிலதான் வரும். பெட்டி மேல ஒண்ணும் எழுதியிருக்காது பாருங்க. அதுக்குத்தான் அக்கா நான் பணம் கட்டுறேன். சீக்கிரம் வர்றதுக்கில்ல.”

எழுந்து போய்ச் சன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

“அன்னிக்கு ஏன் துறந்தாய்?” என்றேன்.

“பக்கத்துல எல்லாரும் கையத் தூக்கறாங்க. நான் மட்டும் தூக்கலன்னா, உனக்கு அப்படி என்ன அவசியம்னு கேப்பாங்களே.”

என் வெற்றியில் எத்தனை கைகள் இப்படி உயர்ந்தனவோ. அந்த வண்டியை நான் ஒரு வசதி என்று நினைத்து முழங்கினேன். எல்லாருக்கும் எல்லாமும் தெரிந்த சிற்றூரில், மேலே எதுவும் எழுதாத அந்தப் பெட்டி மறைப்புக்கு ஒரு சுவர். அந்தச் சுவர் தேவைப்பட்டவர்களில் என் கணவரும் ஒருவர் என்று தெரிந்தும் எனக்கு அது விளங்கவில்லை.

“இனிமே வீடு வீடாப் போயி விளக்கம் சொல்லாதீங்க. ‘காரணம் கேக்கமாட்டேன், சேருங்க’ன்னு மட்டும் சொல்லுங்க. நானும் வர்றேன்” என்றாள்.

மார்ச்சு 20, வெள்ளி

காரணம் கேட்கவில்லை. சேர்ந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் கடைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு சேர்ந்தார். எண்ணிக்கை ஏறியதும் கடை மறுபடி கேட்பதை ஏற்கத் தொடங்கியது; பெட்டிகளுக்கும் எல்லாரும் சொல்லிவிட்டோம். கிடங்கு வரை வருமாம். இவருடைய கடைசிப் பை இன்று ஒட்டப்பட்டது.

மார்ச்சு 21, சனி

மேலாளர் அழைத்தார். எண்ணிக்கை போதுமாம். ஆனால் வழித்தடம் அடுத்த மாதம்தான் தொடங்குமாம். பெட்டிகள் கிடங்கிலேயே காத்திருக்குமாம்.

அடுத்த மாதம். அதுவரைக்கும் இவர் என்ன செய்வார் என்று கேட்க வாயெடுத்தேன். வெளியே சொல்வதில்லை என்று இவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். “உறுப்பினர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாமா?” என்று மட்டும் கேட்டேன். விதியில் இடமிருக்கிறது, யாரும் வந்ததில்லை என்றார்.

மார்ச்சு 23, திங்கள்

வந்தோம். இரண்டு சிற்றுந்துகள் நிறைய. இவர் வரவில்லை, துண்டை மடித்து வயிற்றில் கட்டிக்கொண்டு, வெளிக்கதவைத் தாழிட்டுப் படுத்திருந்தார்.

கிடங்கின் வாயிலுக்குக் குறுக்கே வரிசையாக நின்றோம். முழக்கம் இல்லை, கொடி இல்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவரவர் பெட்டியைக் கேட்டோம். காவலர் ஒவ்வொன்றாய்த் தேடி எடுத்து வரவேண்டும். அதுவரை சரக்குந்துகள் உள்ளேயே நிற்கவேண்டும். வெளியே வரவேண்டியவை ஹாரன் அடித்தன. நாங்கள் நகரவில்லை.

சரிபார்க்கவாம், “உள்ள என்ன பொருள்னு சொல்லுங்க” என்றார் காவலர்.

அழகுநிலையக்காரி இடுப்பில் கைவைத்தாள். “பேர் சொல்லியாச்சு, ரகசிய எண் சொல்லியாச்சு. உள்ள என்னன்னு உனக்கு எதுக்கு? உன் வீட்டு அலமாரியில என்ன இருக்குன்னு நான் கேட்டேனா? நீ சொல்லு முதல்ல, நான் சொல்றேன்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. அதன்பின் காவலர் எவரையும் கேட்கவில்லை.

மேலாளர் மூன்று முறை வெளியே வந்து பார்த்தார். நான்காம் முறை கைபேசியைக் காதில் வைத்தபடியே வந்தார். வழித்தடம் நாளையே தொடங்கும். வரம்பு மட்டும் அப்படியே இருக்கும். வியாழனன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் ஊருக்கு வந்து குறை கேட்பார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஊர் திரும்பினேன். யாரும் என்ன என்று கேட்கவில்லை.

மார்ச்சு 24, செவ்வாய்

வண்டி வந்தது. தெரு முழுக்கக் கதவுகள் திறந்து மூடின.

இவர் மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு, மேசையில் நான் எழுதிக்கொண்டிருந்த வியாழன் உரையைப் பார்த்தார். முதல் பக்கத்தை அடித்து அடித்து எழுதியிருந்தேன்.

“ரொம்ப அலங்காரமா இருக்கு. வந்தவன் கைதட்டிட்டுப் போயிடுவான்.”

“வேறு என்ன சொல்வது? சொல்லவேண்டியதைத்தான் சொல்லக்கூடாது என்று...”

மேசையிலிருந்த மைக்கைத் துடைத்து உறையில் போட்டார். “மத்தவங்க பெட்டியில என்ன இருக்குன்னு சொல்லாத. அது அவங்களோடது. என்னுதச் சொல்லிக்க. திடல்லயே சொல்லு. நான் மேசையிலதான் இருப்பேன்.”

உரையைக் கிழித்துவிட்டு இதை எழுதினேன். மாற்றமாட்டேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருப்பவரே, அதோ ஒலிமேசையில் இருக்கிறாரே, அவர் என் கணவர். அவர் வயிற்றில் ஒரு பை ஒட்டியிருக்கிறது. அது எப்போது நிறையும் என்று உங்கள் நான்கு பெட்டிக் கணக்குக்குத் தெரியாது. இங்கே நிற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருக்கிறது. அது என்ன என்று கேட்க உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் உரிமையில்லை. நகரத்தாரிடம் வாங்குவதையே எங்களிடமும் வாங்குகிறீர்கள். ஆகவே நகரத்தாருக்கு இல்லாத வரம்பு எங்களுக்கும் வேண்டாம். ஆய்வு வேண்டாம், அடுத்த மாதம் வேண்டாம். உங்கள் கைபேசியை எடுங்கள். யார் கையில் இருக்கிறதோ அவரை அழையுங்கள். வரம்பை நீக்கச் சொல்லுங்கள். நாங்கள் நிற்கிறோம். இப்போதே அழையுங்கள்.