திரித்துவ ஞாயிறும் என் தப்பான உதாரணங்களும்

மே 12, திங்கள்

பேக்கரி ஃப்ரீசரில் கேஸ் கசிவு. விரல்கள் இன்னும் மரத்துப்போய்தான் இருக்கின்றன. வீட்டுக்கு வந்தால் மனைவி செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"போதகர் போன் பண்ணார். முட்டி ஆபரேஷனாம் அவருக்கு. திரித்துவ ஞாயிறு பிரசங்கத்துக்கு ஆள் வேணும்னு கேட்டார்."

"என்னையா?"

"ஆமா, உங்களத்தான்! ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பிரசங்கம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "என்னையங்க."

ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே, அஞ்சல் வழியில் இறையியல் படித்து முடித்தவள் இவள். எங்கள் சபையில் பெண்கள் பாடலாம், பூ அடுக்கலாம், பெருக்கித் துடைக்கலாம். மேடையேறிப் பிரசங்கம் செய்ததில்லை. முதல் தடவையே திரித்துவமா? பிதா கடவுள், குமாரன் கடவுள், பரிசுத்த ஆவி கடவுள், ஆனால் கடவுள் ஒருவரே. போதகர்களே நைசாக நழுவிப்போகிற விஷயம்.

தூக்கம் வரவில்லை. எனக்கு. அவள் நன்றாகத் தூங்குகிறாள்.

மே 18, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் என் அண்ணன் வாசல் கேட் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். சபைச் செயலாளர். சபை சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு எழுத்து மாறினாலும் தலை நிமிர்ந்து பார்ப்பவர்.

"உன் பொண்டாட்டி யாரக் கேட்டு ஒத்துக்கிட்டா?"

"போதகரே கேட்டாருண்ணே. அவ படிச்சிருக்கா."

"மூணு ஆளு, ஒரே கடவுள். நம்பணும், அவ்ளோதான். இதுல ஒரு வார்த்த பிசகினா சபையே தப்பா நம்பிட்டுப் போயிடும். விளையாட்டா இது? அன்னிக்கு நான் வரமாட்டேன். சொல்லிடு."

சரிண்ணே என்று வந்துவிட்டேன். ஏன் சரின்னேன்? என்ன சரி? வாய்ல என்ன கொழுக்கட்டையா? அண்ணி இறந்ததிலிருந்து அவரிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த வீட்டில் பேசவே ஆளில்லை என்பது வேறு விஷயம்.

மே 19, திங்கள்

அவளிடம் சொன்னேன். "அவர் பயப்படறது நியாயம்தான்" என்கிறாள்! கோபம் எனக்குத்தான் ஆறவில்லை.

மே 27, செவ்வாய்

அவளுக்கு உதவலாமென்று நாலு நாளாக யோசித்துவைத்திருந்த உதாரணங்களை இன்று எடுத்துவிட்டேன்.

தண்ணி, ஐஸ், ஆவி. மூன்றும் ஒன்றுதானே? என் தொழிலே அதுதான்!

"தப்பு" என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "ஐஸ் உருகினாத்தான் தண்ணி. அப்ப ஒரே ஆளு மூணு வேஷம் போடறாருன்னு ஆயிடும். இயேசு தோட்டத்துல அழுது ஜெபம் பண்ணாரே, யார்கிட்ட? தனக்குத்தானே பேசிட்டிருந்தாரா?"

சரி. நான் ஒருத்தனே உனக்குப் புருஷன், அண்ணனுக்குத் தம்பி, ஊருக்கு மெக்கானிக்.

"அதே தப்பு, வேற சட்டை."

முட்டை. ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சக்கரு.

"ஓடு மட்டும் முட்டையா? குமாரன் கடவுள்ல மூணுல ஒரு பங்கு இல்லங்க. முழுக் கடவுள். பிதாவும் முழுசு. ஆவியும் முழுசு. ஆனா மூணு கடவுள் இல்ல."

"அப்ப எதைத்தான்டி சொல்லுவ?"

"அதான் தெரியல" என்றாள். முதல் தடவையாக அவள் முகத்தில் கவலையைப் பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

"பிரசங்கம் வேணாங்க. போதகர்கிட்ட சொல்லிடறேன். குடும்பத்துக்குள்ள எதுக்குச் சண்ட?"

கத்திட்டேன். ரொம்ப. அவ மேல இல்ல கோபம். அன்னிக்கு சர்ச் கேட் பக்கத்துல நின்னு சரிண்ணே சரிண்ணேன்னு தலையாட்டினேனே, அவன் மேல. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு தட்டு.

"நீங்க வரலன்னா பரவால்லண்ணே. ஆனா அவ பேசுவா. என் பொண்டாட்டி பேசுவா" என்றேன்.

டிவியை அணைத்தார். பிறகு, "சாப்டியா?"

இல்லையென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். உட்கார்ந்து அவரோடு சாப்பிட்டிருக்கலாமோ?

ஜூன் 15, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை!

வெள்ளைப் புடவை. மேடைப்படியில் ஒரு நொடி நின்றாள். அப்போதுதான் பின்வாசல் வழியாக அண்ணன் உள்ளே வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"தண்ணி, ஐஸ், ஆவி. இது எங்க வீட்டுக்காரர் குடுத்த உதாரணம்" என்று ஆரம்பித்தாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இது தப்பு" என்றாள். சபையே சிரித்தது. சபை முன்னால் மானம் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு, "எங்க அம்மா வந்தாங்கன்னு சொல்றோம். வந்தது ஒருத்தர். அக்கா தங்கச்சி எல்லாரும் வந்தாங்கன்னும் சொல்றோம். அதே 'வந்தாங்க'. ஒண்ணும் பலதும் ஒரே சொல்லுக்குள்ள நிக்கிறது நம்ம வாய்க்குப் புதுசில்ல. ஆனா இதுவும் விளக்கமில்ல. சும்மா வாசல்தான். உள்ள போனா நம்ம சொல்லெல்லாம் குள்ளமாயிடும்."

அதற்குப் பிறகு அவள் தாளைப் பார்க்கவேயில்லை.

"கடவுள் அன்பானவர்ங்கிறோம். வானமும் பூமியும் இல்லாதப்ப அவர் யார்கிட்ட அன்பா இருந்தார்? தனியா இருந்திருந்தா, அன்பு காட்டக் கத்துக்கறதுக்கே அவருக்கு நாம தேவைப்பட்டிருப்போம். அப்படியில்ல. பிதா குமாரன்மேல அன்பா இருந்தார், குமாரன் பிதாமேல, ஆவியானவருக்குள்ள. ஆரம்பம்னு ஒண்ணு இல்லாத அன்பு. துணைக்கு ஆள் வேணும்னு அவர் நம்மள உண்டாக்கல. இருக்கிற அன்புக்குள்ள நம்மள கூப்பிடத்தான். ஆளில்லாத வீட்ல உக்காந்திருக்கிற நம்மளையும்."

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கட்டிய கையை அவிழ்த்துவிட்டிருந்தார். தலை குனிந்திருந்தது. கண்ணாடி கையில்.

என் பெண்டாட்டி. என் பெண்டாட்டி பேசினாள்!

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே அண்ணன். நேராக அவளிடம் போனார்.

"ஏம்மா, அந்த 'வந்தாங்க' எனக்குச் சரிப்படல. இலக்கணம் வேற, இறையியல் வேற."

"வாசல்னுதானே சொன்னேன்" என்றாள்.

"வாசலோட நின்னுட்டா?"

ஆரம்பித்துவிட்டார்கள். காபி போடச் சொல்லி என்னை அடுப்படிக்கு அனுப்பினார்கள். அது ஆறிப்போனதால் மறுபடியும் போட்டேன். அவளுக்கு லேபுக்கு நேரமானதால்தான் விட்டார். இருவரில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுக்கும் அது முக்கியமாகத் தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பக்கத்துச் சபையில் அடுத்த வாரம் பிரசங்கத்துக்கு ஆள் இல்லையாம். அங்கே இவள் பெயரைக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். செயலாளராம். எங்கள் செயலாளர்!

ஜூலை 6, ஞாயிறு

குளிர்கிடங்கில் கம்ப்ரஸர் நின்றுவிட்டது என்று காலையிலேயே அழைப்பு. போகாமல் முடியாது, பழமெல்லாம் வீணாகிவிடும். அண்ணன்தான் அவளைத் தன் காரில் அந்தச் சபைக்குக் கூட்டிப்போனார்.

மத்தியானம் வீடு திரும்பினேன். அவர்கள் இன்னும் வரவில்லை. போன் செய்தால் அண்ணன் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம்.

"வர லேட்டாகும்டா. ஆளாளுக்கு கேள்வி கேக்கறாங்க, விடமாட்டேங்கறாங்க. அவ சொல்றா பாரு பதிலு... நீ இருந்து கேட்டிருக்கணும்!" பிறகு யாரிடமோ திரும்பி, என்னை மறந்து, உரக்கச் சொன்னது போனில் கேட்டது: "எங்க வீட்டுப் பொண்ணு."

மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.