கொழுத்த புழு

உடுவில்,
ஆவணி 1992

இஞ்சாருங்கோ,

கண்டுபிடித்துவிட்டேன். முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

என் வட்டப்புழுக்களில் ஒரு வகை, எல்லாவற்றுக்கும் ஒரே தீன் போட்டாலும், தான் மட்டும் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துவைக்கிறது. அதை மெலிந்த புழுவோடு இனம் கலந்தேன். பிள்ளைகள் எல்லாம் மெலிவு. பேரப்பிள்ளைகளில் நாலில் ஒன்று கொழுப்பு. ஆக, இது ஒரேயொரு பரம்பரை அலகின், ஒரு ஜீனின், வேலை.

நீங்கள் இருக்கும் கொழும்பில் சுவிச்சைப் போட்டால் வெளிச்சம் வரும். இங்கே கரண்டே இல்லை; நான் உங்கள் சைக்கிள் டைனமோவில் நுணுக்குக்காட்டிக்கு வெளிச்சம் எடுத்தேன். பக்கத்து வீட்டு நல்லம்மா அக்காதான் மிதித்தார். இந்த வசதியில் வேறு யார் செய்திருப்பார்கள், சொல்லுங்கள்.

புழு தின்பது பக்டீரியாவை. பக்டீரியா வளரச் சங்கக்கடையில் பங்கீட்டுக்குக் கிடைக்கும் பருப்பை அவித்து ஊற்றுகிறேன்.

"பருப்பெல்லாம் புழுவுக்குப் போனால் நீங்கள் என்னத்தைச் சாப்பிடுறியள், ரீச்சர்?" என்று அக்கா கேட்டார்.

"ஆராய்ச்சி நடக்குதெல்லோ, அக்கா" என்றேன்.

என்னுடைய படம் ஒன்று அனுப்பும்படி போன கடிதத்திலும் கேட்டிருந்தீர்கள். இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். நானே கீறியது. இடப்பக்கம் இருப்பதுதான் கொழுத்த புழு.

உங்கள்
புழுக்காரி