அப்பாவுக்காக நான் எழுதிய ‘இல்லை’

மார்ச் 11, சனி

இன்று கடையில் மெத்தையைவிடக் கையெழுத்துதான் அதிகம் போயிற்று.

வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இரவில் இடைவிடாத ஓய்வு தரவேண்டுமாம். நடுவில் எழுப்பினால் அதுவும் வேலை நேரமாம். நாடாளுமன்றம் சட்டமாக்கிவிட்டது. இந்த நாட்டில் ஒரு சட்டத்தை எதிர்த்து ஐம்பதாயிரம் கையெழுத்து சேர்த்தால் நாடு முழுக்க ஓட்டுக்கு விட்டுத்தான் ஆகவேண்டும். வணிகர் சங்கத் தலைவன் ஹுபெர்ட் ஒரு மேசையைக் கொண்டுவந்து என் கடை வாசலில் போட்டுவிட்டான்.

தள்ளுவண்டியில் தலையணை விற்று வந்தவன் நான். எதையும் விற்பேன். "கையெழுத்து போட்டா எதிர்க்கிறீங்கன்னு அர்த்தமில்லீங்க. மக்களைக் கேட்டு முடிவு பண்ணட்டும்னுதான்." இதற்கு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

ஒரு அம்மாள் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "எனக்கு மெத்தை விக்கும்போது, ராத்திரி முழுக்க அசையாம தூங்கினாத்தான் உடம்பு நல்லா இருக்கும்னீங்க. அது மெத்தை வாங்குறவங்களுக்கு மட்டுமா?" சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. அப்பாவை யர்மிலா பார்த்துக்கொள்கிறாள், ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவள். அப்பா இரவில் நாலைந்து முறை எழுந்துவிடுவார். சட்டம் வந்தால் இன்னொரு ஆள் வைக்கவேண்டும். அவ்வளவுதான். இதை மேசையில் நின்று யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4

கையெழுத்துகள் தேறிவிட்டன. செப்டம்பரில் ஓட்டு. ஹுபெர்ட் எல்லோருக்கும் சாராயம் கலந்த காபி வாங்கிக் கொடுத்தான்.

செப்டம்பர் 9, சனி

அப்பாவின் தபால் ஓட்டை முடித்துவிடலாம் என்று போனேன். என்னுடையதையும் ஆக்னெஸுடையதையும் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். ஆக்னெஸ் என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை. மனைவியின் உறையை ஒட்டிக்கொடுப்பதோடு சரி.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கை நடுங்குகிறதே தவிரப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. ஒவ்வொரு ஓட்டுக்கும் முன்னால் அரசாங்கம் அனுப்பும் சிவப்பு விளக்கப் புத்தகம் அவர் மடியில் விரிந்து கிடந்தது. யர்மிலா படித்துக் காட்டியிருக்கிறாள்.

"சட்டம் வேணும்னா ஆம், வேண்டாம்னா இல்லை. என்னப்பா எழுதட்டும்?"

"அவளைக் கேளு" என்றார்.

"அவளுக்கு ஓட்டு இல்லப்பா."

"ஓட்டு இல்லன்னு எனக்குத் தெரியாதாடா? ராத்திரி எழுந்திரிக்கிறவ அவதானே. கேளுன்னேன்."

யர்மிலா பக்கத்திலேயே நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. நான் கேட்கவில்லை. தபால்காரர் வரும் நேரமாயிற்று என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, அப்பாவின் வாக்குச்சீட்டில் என் கையாலேயே ‘இல்லை’ என்று எழுதி, சின்ன உறையில் போட்டு ஒட்டினேன். என்ன எழுதினேன் என்று அவருக்குக் காட்டவில்லை.

கூடவே அனுப்பும் வாக்காளர் அட்டையில் அவர் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டு செல்லாது. பேனா தாளைவிட்டு ஓடியது. "யர்மிலா, கொஞ்சம் மணிக்கட்டைப் பிடிச்சுக்கோ" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள். கையெழுத்து நன்றாகவே விழுந்தது.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். சட்டம் போயிற்று. மயிரிழை வித்தியாசம்.

மதுவிடுதியில் ஹுபெர்ட் மேசையைத் தட்டினான். "மக்கள் சொல்லிட்டாங்கப்பா! மக்களுக்கு மேல யாரு இருக்கா?"

நானும் கோப்பையை உயர்த்தினேன். நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர்தான் ஓட்டே போட்டிருக்கிறார்கள். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். யர்மிலா போன்றவர்கள் அந்த நூற்றிலேயே இல்லை. ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் என் அப்பா — இல்லை, அவர் இல்லை. நான் இரண்டு முறை போட்டிருக்கிறேன். கள்ள ஓட்டு. அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஏதோ காரணம் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 25

கடையில் எல்லோரும் கைகொடுக்கிறார்கள். கையைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

செப்டம்பர் 30, சனி

அப்பா தூங்கும்போது யர்மிலாவிடம் பேசினேன். என்னென்னவோ யோசித்துப் போனேன், வாயைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது.

"அன்னைக்கு நான் எழுதினது..."

"தெரியும் சார். நீங்க எழுதும்போது பாத்தேன். எனக்கு ஜெர்மன் படிக்க வரும்."

"தெரிஞ்சுமா கையைப் பிடிச்ச?"

"நீங்க பிடிக்கச் சொன்னீங்க. அவர் கையைப் பிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்." துணியை மடித்தபடியே சொன்னாள். "தோத்ததுக்கு எனக்கு வருத்தமில்ல. ஓட்டுப் போடாதவங்களையும் சேத்து ஊர் முழுக்கக் கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருக்கும். ஆனா அன்னைக்கு நான் பக்கத்துலயே நின்னேன். ஐயாவும் கேளுன்னார். நீங்க என் முகத்தைக்கூடப் பாக்கல."

வாடிக்கையாளர் வாயைத் திறக்குமுன் பதில் வைத்திருப்பவன் நான். இன்று அவள் மடித்த துணியை எடுத்து அடுக்கினேன்.

அப்பாவிடம் சொன்னாளா என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் இன்னும் வெட்கமாகிவிட்டது.

"அது உங்க வேலை, சார்" என்றாள்.

அக்டோபர் 1, ஞாயிறு

சொன்னேன். அப்பா கேட்டார்: "நான் செத்துட்டேன்னு நினைச்சுட்டியாடா?"

திட்டியிருந்தால் தேவலை.

நகராட்சியில் போய் ஒப்புக்கொள்ளலாமா? வழக்காகும், கடையின் பெயர் போகும் — அந்தத் தைரியம் எனக்கு இல்லை. இங்கே எழுதும்போதாவது பொய் சொல்லாமல் இருக்கிறேன்.

அக்டோபர் 20

யர்மிலா போய்விட்டாள். கோபத்தில் அல்ல. சூரிச்சில் ஒரு வீட்டில் இரவுக்குத் தனி ஆள் வைத்திருக்கிறார்களாம். சட்டம் சொல்லாமலேயே. அதிக சம்பளம் தருவதாகச் சொல்லிப் பார்த்தேன். "தூங்கணும் சார்" என்றாள். அவ்வளவுதான்.

புதிதாக வந்திருக்கும் எடிதாவிடம் இரவுகளை நானும் ஆக்னெஸும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

நவம்பர் 2

ஹுபெர்ட் போனில் கூப்பிட்டான். அடுத்து ஏதோ வரிச் சட்டத்துக்கு எதிராகக் கையெழுத்தாம். "உன் வாய் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது." வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டான். முதுகு வலி என்றேன். மெத்தைக்காரனுக்கு முதுகு வலியா என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 11, சனி

மறுபடி ஓட்டு வந்திருக்கிறது. இம்முறை சுரங்கச் சாலைக் கட்டணம். சிவப்புப் புத்தகத்தை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன், இரண்டு பக்கத்து வாதங்களையும். குரலில் சாய்வு தெரியக்கூடாதே என்று பாடுபட்டேன்.

"பேனாவைக் குடு."

"மணிக்கட்டைப் பிடிக்கட்டுமாப்பா?"

"வேண்டாம்."

வாக்குச்சீட்டின்மேல் குனிந்தார். இடது கையை வளைத்து, பள்ளிக்கூடத்துப் பையன்போல, நான் பார்த்துவிடாதபடி மறைத்துக்கொண்டார். ஒரே ஒரு சொல் எழுத அவருக்கு எவ்வளவோ நேரம் பிடித்தது. எண்ணுகிறவர்களுக்கு அது புரியுமோ என்னவோ.

நான் எழுந்துபோய் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.