முன் சீட்டில் ஹெச்.எம்.

வெள்ளிக்கிழமை, ஜூலை 1991

தப்பு என்னுடையதுதான். நேற்று ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து நின்று, "ஆளுக்கொரு வண்டியில் வந்தால் பெட்ரோலும் வீண், புகையும் ஜாஸ்தி. விமலாவும் மேரி டீச்சரும் சேலையூரிலிருந்து என் சின்னக் காரில்தான் வருகிறார்கள்" என்று பெருமையடித்தேன்.

ஹெச்.எம். தலையாட்டினார். "நல்ல விஷயம்மா. என் பெரிய கார் வீட்டிலேயே நிக்கட்டும். நாளைக்கு நானும் உங்களோட வரேன்."

அந்தக் காரில் நாங்கள் தினமும் பேசுவதே அவரைப் பற்றித்தான்.

இன்று காலை அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். தாம்பரம் தாண்டியும் யாரும் வாய் திறக்கவில்லை. குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்ரோலை மிச்சப்படுத்த வழக்கம்போல் இன்ஜினை அணைத்தேன். இருந்த ஒரே சத்தமும் போயிற்று. "வெயில் ஜாஸ்தி சார்" என்றாள் விமலா. வானம் மூட்டமாக இருந்தது.

"நான் இல்லாத அன்னைக்கும் இப்படித்தான் வருவீங்களா?" என்று கேட்டார் ஹெச்.எம். கேட் திறந்தது; அவசரமாக இன்ஜினைக் கிளப்பினேன்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியவர் ஜன்னல் பக்கம் குனிந்தார். "திங்கள்லேர்ந்து எலக்ட்ரிக் ட்ரெயின்ல வந்துடறேன்மா. அதுக்குப் பெட்ரோலே வேண்டாம். நீங்களும் தாராளமா பேசிட்டு வரலாம்." சிரித்துக்கொண்டேதான் போனார்.

சாயங்காலம் நாங்கள் மூவர் மட்டும் திரும்பினோம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமே வரவில்லை. கடைசியில் விமலா, "திங்கட்கிழமை தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல நின்னு அவரை ஏத்திக்கலாமா?" என்றாள்.

மேரி டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏத்திக்கலாம்" என்றார்.