முந்நூறு மரத்து ஜெர்மன்

2024 ஜூன் 2, ஞாயிறு
வரக்காப்பொல ஜெர்மன் வகுப்பில் இன்று மானம் போனது. "தண்ணிக்கு ஜெர்மன்ல என்ன, விஜயகலா?" என்று பாறூக் சேர் கேட்டார். எனக்குத் தெரியும்! நாற்பத்தோராவது மரம். ஆனால் முதல் மரத்திலிருந்து நடந்து போனால்தானே அது வரும்? கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டு பதினைந்தாவது மரத்தில் நிற்கும்போதே பக்கத்தில் இருந்த நுஸ்கா பதிலைச் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது.

ரப்பர் பால் வெட்டும்போது மரத்துக்கு ஒரு சொல்லாகப் படிக்கிறேன். முந்நூறு மரம், முந்நூறு சொல். கத்தி போகிற வரிசையிலேயே மண்டையிலும் ஏறிவிட்டது. இந்தக் கூத்தைப் பால்வெட்டுக்காரியைத் தவிர வேறு எவள் செய்வாள்?

ஓகஸ்ட் 17 சோதனை. பேச்சுப் பரீட்சையில் ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தவள் நான். இந்த முறையும் போனால் ஜெர்மனியில் தாதியர் பயிற்சிக்கு எனக்கென்று வைத்திருக்கும் இடம் வேறு ஆளுக்கு.

ஜூன் 3
மழை. வெட்டு இல்லை. நல்லதாப் போச்சு. மரத்து மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல.

ஜூன் 9, ஞாயிறு
சேரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சொல்லுகள ஒவ்வொண்ணா மரத்துல கட்டிப் போடாதீங்க தங்கச்சி. அதுகளுக்கும் சொந்தபந்தம் இருக்கு. இங்கிலீஷ், ஜெர்மன், டச்சு மூணும் ஒரு வயித்துப் புள்ளைகள். மொகச்சாடையப் பாருங்க."

ஜூன் 12
கண்டுபிடிச்சிட்டேன்!! வாட்டர் – வாஸர். பெட்டர் – பெஸர். ஈட் – எஸன். வைட் – வைஸ். ஸ்ட்ரீட் – ஸ்ட்ராஸ. நடுவிலோ கடைசியிலோ இங்கிலீஷில் 'ட்' வந்தால் ஜெர்மனில் 'ஸ்'! ஒருவரும் சொல்லித்தரவில்லை. நானே, ஆறாவது வரிசையில், கையில் கத்தியோடு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வரிசை இலட்சுமி அக்கா பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார்.

ஜூன் 16, ஞாயிறு
"இத இருநூறு வருஷத்துக்கு முன்னாலயே பெரிய படிப்பாளிகள் எழுதி வச்சிட்டாங்க," என்றார் சேர்.

இருக்கட்டும். அவர்கள் பால் வெட்டிக்கொண்டா கண்டுபிடித்தார்கள்?

ஓகஸ்ட் 17
கொழும்பு. எதிரே வெள்ளைக்கார அம்மா. மேசையில் ஒரு கிழவியின் குசினிப் படம். அடுப்பில் இருந்ததைத் தொட்டு இது என்ன என்று ஜெர்மனில் கேட்டார். படிக்காத சொல்! எந்த மரத்திலும் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு –

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் அதைக் கேத்தல் என்போம். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், விட்டுப்போன சொல். இங்கிலீஷில் கெட்டில். அப்படியானால்? 'ட்'டைத் தூக்கிவிட்டு 'ஸ்'ஸைப் போட்டேன்.

"கெஸல்," என்றேன்.

தலையாட்டினார்! அதற்குப் பிறகு நான் வாயை மூடவே இல்லை. அவர்தான் நேரம் முடிந்தது என்று மணிக்கூட்டைக் காட்டினார்.

செப்டெம்பர் 9
பாஸ். பேச்சில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றிரண்டு!

2025 ஜனவரி 20
தொழிலாளர் பெயர்ப் பதிவான செக்ரோலிலிருந்து என் பெயரை எடுக்கத் தோட்ட ஆபிசுக்குப் போனேன். கிளாக்கரையா பேனாவைப் பிடித்தபடி யோசித்தார்.

"காரணம்னு என்னத்தப் போட? இந்தக் கட்டத்துல வயசு, சீக்கு, சாவு, இதத் தவிர நான் வேற எழுதினதில்ல புள்ள."

"படிக்கப் போறாள்னு எழுதுங்கய்யா," என்றேன்.

மெதுவாக, எழுத்தை அழகாக்கி எழுதினார்.