துவைக்கிறவளை நான்தான் கொன்றேன்

அன்பு வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, கழுத்து வலி இல்லாமல், தலையைத் துவட்டாமல் வெளியே ஓடி சளி பிடித்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அந்த வார்த்தையை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது, இருந்தாலும் சுகம்தான். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தால் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

அவருடைய வலது கை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியிலேயே கிடந்தது. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒவ்வொரு தடவையும், விரலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் இப்படியே இறுகிவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் கொடுத்த ரப்பர் பந்தை இவர் இடது கையால் எடுத்து ஜன்னல் வழியாக வீசினார். கீழ்வீட்டுத் தையல்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த தடவை வீசும்போது ஒரு குரல் கொடுங்கள், தலையை நகர்த்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இனிமேல் இந்த மனிதர் தன் கையால் ஒரு வாய் சாப்பிடப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் உன் பார்சல் வந்தது. நீ வேலை செய்த வீடியோ கேம் உள்ளே இருந்தது, அப்பாவின் விரலுக்கு வேலை என்று எழுதியிருந்தாய். பழைய காலத்துக் கோட்டையும் ஊரும் கட்டுகிறேன் என்று நீ முன்பு சொன்னபோது நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவு முழுக்க நான் பெருமை பீற்றிக்கொண்டவள். சந்தை இருக்கும், பானை செய்கிறவர் இருப்பார், பிள்ளைகள் ஓடி விளையாடும் என்று நினைத்திருந்தேன். டிவியைப் போட்டால் கோட்டை வாசலிலேயே ஒரு தலை உருளுகிறது. நீயும் ஒரு பிள்ளை பெற்றவளாக இருந்தால் உனக்குத் தெரியும், இத்தனை ரத்தத்தை என் பெண்ணா உட்கார்ந்து வரைந்தாள் என்று கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரித் துணியிலேயே காலம் தள்ளுகிறவள் நான். ரத்தக் கறையை உடனே பச்சைத் தண்ணீரில் ஊறப் போடாவிட்டால் அந்தத் துணி போனதுதான். உன் வீரனோ ஊரையே வெட்டிச் சாய்த்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான். வயிற்றில் வேல் குத்தினால் ஒரு குப்பியைத் திறந்து மடக்கென்று குடிக்கிறான், காயம் மாயமாகிவிடுகிறது. எங்கள் வார்டில் கட்டு மாற்றும்போது மனிதர்கள் கத்துகிற கத்தலைக் கேட்டவள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா. அதனால்தான் அன்றைக்கு உன்னைப் போனில் அப்படிக் கடித்துக் குதறினேன்.

நீ பொறுமையாகத்தான் பதில் சொன்னாய். அந்தக் காலத்தை உள்ளபடி காட்டினால் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் படுத்துச் சாக வேண்டும், நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவன் அதையா காசு கொடுத்துப் பார்ப்பான் என்று கேட்டாய். மந்திரம் என்று சொல்லிவிட்டால் காயம் எப்படி ஆறியது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்றாய். அதையெல்லாம்கூட ஒத்துக்கொண்டேன். கடைசியாகச் சொன்னாயே, "அடிக்க வைக்கிறது சுலபம்மா. அடிச்சா விழுவான், முடிஞ்சுது. பேச வைக்கிறதுதான் கஷ்டம், ஒருத்தர் வாயைத் திறந்தா அதுக்கு நூறு பதில் எழுதணும்" என்று, அதைக் கேட்டு ஆடிப்போய்விட்டேன். உன் அப்பாவும் அப்படித்தானே. பந்தை வீசுவது அவருக்குச் சுலபம், பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வது கஷ்டம்.

ஆனால் அவர் விளையாடினார். முதலில் இடது கையால், பிறகு வலது கைக் கட்டைவிரலை கேமோடு வந்த அந்த ரிமோட் மேல் இடது கையால் தூக்கி வைத்து. நான் வேண்டாம் என்று பிடுங்கப் போனபோது விடவில்லை. வார்த்தை வார்த்தையாக, "நான் ஒரு விரல அழுத்தினா, அவன் முழுக் கையும் தூக்குறான்" என்றார். பிடுங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேள். ஒரு நாள் பயிற்சிப் பெண் அவரை வராந்தாவில் நடக்கக் கூட்டிப்போயிருந்தாள். வீரன் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தான். அங்கே ஒருத்தி கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், முழங்கை வரை ஈரம், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். என்னைப் போலத் துணி துவைக்கிறவள் ஆயிற்றே, ஒரு வார்த்தை பேசலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் கத்தியை உருவினான். பதறிப்போய் இன்னொன்றை அழுத்தினால் கையிலிருந்து நெருப்பு பறந்தது. அவள் ஒரு சத்தம்கூடப் போடாமல் குப்புற விழுந்தாள், துணி தண்ணீரோடு போய்விட்டது. ஊரே மணியடித்துக்கொண்டு என்னைப் பிடிக்க ஓடி வந்தது. ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா உள்ளே வந்தார், டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோணிய வாயோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு, அதையும் நான் ரசிக்கவில்லை. அந்தக் குப்பி மருந்தை அவள் வாயில் ஊற்றக்கூடாதா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். அது வெட்டுகிறவனுக்கு மட்டும்தானாம், துவைக்கிறவளுக்குக் கிடையாதாம். அடிப்பாவி, இது என்ன நியாயம். அதற்கப்புறம் நான் டிவிப் பக்கமே திரும்பவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே துணி மடித்தேன்.

சில நாள் கழித்துத் தற்செயலாகக் கண் போனது. பளபளத்த கவசத்தைக் காணோம், வீரன் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு பரதேசி மாதிரி நிற்கிறான். அந்தச் செத்த விரலை வைத்துக்கொண்டு உன் அப்பா எத்தனையோ பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் போயே போச்சு. கேம் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். அவர், "நான்தான் அழிச்சேன். முதல்ல இருந்து ஆரம்பிச்சா அவ உயிரோட இருப்பா. நீ இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கிறியே" என்றார். நோய் வந்த பிறகு அவர் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பார்த்தேன், ஆற்றங்கரையில் அவள் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேனா, காட்டுப் பக்கமிருந்து கொள்ளைக்காரர்கள் இறங்கி வருகிறார்கள், நேராக அவளைப் பார்த்து. இவரிடம் இருப்பதோ ஒரு கட்டை. உன் அப்பா அந்தக் கட்டைவிரலாலேயே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார். "விடாதீங்க, வெட்டுங்க அவனை, வலது பக்கம், வலது பக்கம்" என்று யாரோ கத்துகிறார்கள். அது நான்தான். வெட்டுக்குத்தா என்று உன்னைக் கிழித்தவள் நான்தான். தையல்காரர் கீழேயிருந்து ஓடி வந்து, வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டானா என்று கேட்டார். அதற்குள் கொள்ளைக்காரர்கள் விழுந்துவிட்டார்கள், அவள் துவைத்துக்கொண்டே இருந்தாள். உன் வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் புரிந்தது அப்போதுதான், முழுக்கப் புரிந்ததென்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. அந்தத் துவைக்கிறவளுக்குப் பேச ஒரு வாய் கொடு. நூறு பதில் வேண்டாம், ஒன்று போதும். யாராவது பக்கத்தில் போய் நின்றால், என்ன, சாப்பிட்டாச்சா என்று அவள் கேட்கட்டும். உன் ஆபீஸ் பெரியவர்கள் கேட்டால் அம்மா சொன்னாள் என்று சொல். உடம்பைப் பார்த்துக்கொள், நாற்காலியை விட்டு அவ்வப்போது எழுந்து நட. எந்த ஊரில் இருந்தாலும் நல்ல மனிதர்கள் நடுவில், வயிறு நிறைந்து, மனம் நிறைந்து, தீர்க்காயுசாக இரு என் செல்லமே.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா

இதை மடிக்கப்போகும் நேரத்தில் உன் அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினார். நீட்டியது இடது கையை இல்லை, வலது கையை. கீழே இருக்கிற கோணல் கோடு மை சிந்தியது என்று நினைத்துவிடாதே. அது அவர் கையெழுத்து.