உப்புக்கல் வளைவு

ஆடி 9, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். விறகெல்லாம் நனைந்து ஒரே புகை. வாட்சர் லீவு, சமையலுக்கு நான் மட்டும். வனத்துறை மலை பங்களாவில் ஒரே குடும்பம்தான், சென்னைக்காரப் புருஷன் பெண்டாட்டி. மதியம் கஞ்சி, பயறு, சுட்ட பப்படம்.

முன் அறையில் வயர்லெஸ் கூப்பிட்டது. சமையல்கட்டிலிருந்து முற்றம் தாண்டி ஓடி எடுத்தேன். கீழே செக்போஸ்ட்டிலிருந்து தகவல். அஞ்சுகிராமத்தில் அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை. "தம்பி வந்தானா"ன்னே கேட்கிறாளாம். அம்மா போன பிறகு என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள்.

நாளைக் காலை ஜீப்பில் இறங்க வேண்டும். வேட்டி, துண்டு, மருந்து எடுத்து வைத்தாயிற்று.

ஆடி 10, வியாழன்

இறங்கவில்லை. மூன்றாம் வளைவில் யானை, சின்னக் குட்டியோடு. டிரைவர் சுனில் ஜீப்பைப் பின்னாலேயே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். இந்த மலைக்கு ஒரே பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அணை வரைக்கும் பள்ளம்.

சென்னைக்காரருக்குக் கவலையே இல்லை. "தாத்தா, வரையாடு எத்தனை மணிக்கு வரும்?"

வாசல் பலகையில் இருப்பவை: யானை, புலி, கரடி, மிளா, காட்டெருமை, சிங்கவால் குரங்கு, வரையாடு. அவர் இதுவரை கண்டது: அட்டை.

பள்ளிக்கூடம் போகாத நான் எழுத்துக் கூட்டியது அந்தப் பலகையைப் பார்த்துத்தான்.

அந்த அம்மாவுக்கு வெந்நீர் வரவில்லை. மூன்று வாளி காய்ச்சிக் கொடுத்தேன்.

சாயங்காலம் காவல் கோபுரத்தில் ஏறிப் பார்த்தேன். யானையின் இடது காதில் கிழிசல். அவளேதான்.

ஆடி 11, வெள்ளி

மழை விட்டது. அவள் விடவில்லை.

யாரிடமும் சொல்லாதது. முன்பு ஒரு அதிகாரி இருந்தார். அவருடைய விருந்தாளிகளுக்கு யானை காட்ட வேண்டும். கல்லுப்பு மூட்டை தருவார். மூன்றாம் வளைவில் கிடக்கும் கல்லில் கொட்டி, தகரத்தை மூன்று தரம் தட்டுவேன். கூட்டமாக வரும். இவள் அப்போது தாயின் காலுக்குள் நிற்கும் குட்டி. பிறகு, உப்பு போடக் கூடாது என்று உத்தரவு. அதற்கு மேலும் இரண்டு கோடை போட்டேன். வந்து நின்று பார்க்கிறதே என்று மனசு கேட்கவில்லை. இப்போது வெறுங்கல்லை நக்கிக்கொண்டு நிற்கிறாள்.

சுனில் கேட்டான். "பாட்டா, நம்ம மேல அதுக்கு என்ன கோவம்?"

"கோவம் இல்லடே. பழக்கம்."

"பழக்குனவன் மட்டும் கையில கெடைக்கட்டும். நானே கொண்டு அது முன்னால நிறுத்துவேன், கேட்டியளா."

வெங்காயம் உரித்தேன்.

வயர்லெஸ்: அக்காவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. பால் கொஞ்சம் இறங்குகிறது. கண் வாசலிலேயே.

ஆடி 12, சனி

நல்ல வெயில். சமையல்கட்டில் நாலு படி உப்பு இருக்கிறது. பின்பக்கப் பாறையில் கொட்டித் தகரம் தட்டினால் காட்டு வழியாக ஏறி வருவாள். அவள் தின்னும்போது நான் முற்றம் தாண்டி ஜீப்புக்கு.

சுனிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பம் நீருதானா அது?"

"நான்தான்."

"செரி. வண்டியத் திருப்பிப் போடுதேன். தட்டுன உடனே ஓடி வாரும்."

மத்தியானம்.

தட்டினேன். வந்தாள். எத்தனை வருசம் ஆயிற்று, மூன்றாவது தட்டுக்கே கிளம்பிவிட்டாள். ஆனால் காட்டு வழியாக இல்லை, ரோட்டோடு ஏறி நேராக முற்றத்துக்கு. குட்டி வெயிலுக்கு நடு முற்றத்தில் படுத்துவிட்டது. அவள் உப்புக்குப் போகவே இல்லை. குட்டிக்கு மேலே காலை அகட்டி நிற்கிறாள்.

அந்தப் பக்கம் ஜீப்பிலிருந்து சுனில் கை காட்டினான், வாரும் வாரும் என்று. பின் சீட்டில் பெண்டாட்டியோடு ஏறியிருந்த சென்னைக்காரர் படம் எடுத்தார். நான் வாயைத் திறந்தால் அவள் திரும்பிவிடுவாள். அவர்களாவது இறங்கட்டும், போ என்று துண்டை வீசினேன். இரண்டாம் தரம் வீசின பிறகுதான் எஞ்சினைப் போடாமல் சரிவில் உருட்டினான். கீழே போய்த்தான் சத்தம் கேட்டது. முதல் வளைவு. இரண்டு. மூன்று. பாதை திறந்து கிடக்கிறது.

சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். குட்டி நல்ல தூக்கம்.

முன் அறையில் வயர்லெஸ் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. நடுவில் முப்பது அடி.

மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு நின்றுவிட்டது.